லேசர் முடி நீக்கம்: மெஷினைப் பிடிக்கும் கைக்கு அரசு அனுமதி இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி?

அமெரிக்காவில் லேசர் முடி நீக்கத்துக்கு நாடு முழுக்கச் செல்லுபடியாகும் ஒரே சட்டம் கிடையாது. மெஷினை விற்கலாமா என்று பார்ப்பது மத்திய அரசின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. அந்த மெஷினை யார் கையில் எடுக்கலாம், யார் மேற்பார்வையில் எடுக்கலாம் என்று முடிவு செய்வது அந்தந்த மாநிலம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நம் பெண்கள் மாட்டிக்கொள்கிறார்கள். 'எஃப்.டி.ஏ. அப்ரூவ்டு' என்று சுவரில் எழுதியிருப்பதைப் பார்த்ததும், உள்ளே வேலை செய்பவருக்கும் ஏதோ ஓர் அரசு அனுமதி இருக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். அந்த வாசகம் மெஷினைப் பற்றியது மட்டும்தான். அதிலும் எஃப்.டி.ஏ. இந்த மெஷின்களுக்கு அனுமதித்திருக்கும் சொற்கள் 'நிரந்தரமாக முடியைக் குறைத்தல்' என்பதுதான். 'நிரந்தரமாக அகற்றுதல்' என்று யாராவது விளம்பரம் செய்தால், அந்த இடத்தின் மற்ற பேச்சுகளையும் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள்.

நான் டெக்சாஸில் ஒரு தோல் மருத்துவரிடம் நர்ஸாக வேலை பார்க்கிறேன். லேசரால் சுட்டுக்கொண்டு வருபவர்களுக்கு மருந்து போட்டுக் கட்டுவது என் வேலையில் ஒரு பகுதி. அதனாலேயே தமிழ்த் தோழிகளிடமிருந்து, முக்கியமாகக் கல்யாண சீசனுக்கு முன்னால், "அக்கா, இந்த இடத்துக்குப் போகலாமா?" என்று போன் வரும். இடத்தின் பெயரை வைத்து என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. எப்படிச் சரிபார்ப்பது என்று சொல்லித்தர முடியும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் மாநிலம் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

சில மாநிலங்கள் லேசர் அடிப்பதை மருத்துவத் தொழிலாகவே பார்க்கின்றன. சில மாநிலங்கள் அதற்கென்றே தனியாக ஒரு உரிமம் வைத்திருக்கின்றன. இன்னும் சில, ஏற்கெனவே இருக்கும் வேறொரு தொழிலோடு (மின்சாரத்தால் முடி அகற்றும் எலெக்ட்ராலஜிஸ்ட், தோல் அழகுப் பணி செய்யும் எஸ்தெட்டீஷியன்) கூடுதல் பயிற்சியைச் சேர்த்து அனுமதிக்கின்றன. நியூயார்க் போல, பல ஆண்டுகளாக இதற்கென்று தனி உரிமமே இல்லாமல் ஓட்டிய மாநிலமும் உண்டு. ஆகவே நியூஜெர்சியில் இருக்கும் உங்கள் நாத்தனார் "இங்கே டாக்டர்தான் செய்தார்" என்று சொன்னதையோ, டாலஸில் இருக்கும் தோழி "ஒரு டெக்னீஷியன்தான் செய்தார், ஒன்றும் ஆகவில்லை" என்று சொன்னதையோ வைத்து உங்கள் ஊரில் எது சட்டப்படி சரி என்று முடிவு செய்ய முடியாது.

கலிஃபோர்னியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே லேசரும், பளிச்சென்ற ஒளியால் முடி நீக்கும் ஐ.பி.எல். கருவியும் மருத்துவம். டாக்டர், பிசிஷியன் அசிஸ்டன்ட் (பி.ஏ.), நர்ஸ் பிராக்டிஷனர் (என்.பி.), ரிஜிஸ்டர்டு நர்ஸ் ஆகியோர்தான் தொடலாம். மெடிக்கல் அசிஸ்டன்ட், எஸ்தெட்டீஷியன், எலெக்ட்ராலஜிஸ்ட், எல்.வி.என். எனும் கீழ்நிலை நர்ஸ் யாருக்கும் அனுமதி கிடையாது. டாக்டர் பக்கத்தில் நின்றாலும் கிடையாது. நர்ஸ் செய்யும்போது டாக்டர் அதே அறையில் இருந்தாக வேண்டும் என்றில்லை. ஆனால் முதல் தடவைக்கு முன் டாக்டரோ, என்.பி.யோ, பி.ஏ.வோ உங்களைப் பரிசோதித்திருக்க வேண்டும். சான் ஹோசே பக்கம் ஒரு பார்லரில் த்ரெடிங் செய்துவிட்டு, அதே பெண் "மேலுதட்டுக்கு லேசரும் போட்டுவிடட்டுமா?" என்று கேட்டால், அவர் எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும், எழுந்து வந்துவிடுங்கள். அவர் செய்வது அந்த மாநிலத்தில் உரிமமில்லாத மருத்துவம்.

ஃப்ளோரிடாவில் எலெக்ட்ராலஜிஸ்ட் உரிமம் உள்ளவர்கள் 30 மணி நேர லேசர் பாடம் படித்து, சான்றிதழ் தேர்வும் முடித்து, டாக்டரின் மேற்பார்வையில் செய்யலாம். ஜார்ஜியாவில் 2007-இல் வந்த சட்டப்படி லேசருக்கென்றே இரண்டு படி உரிமம் இருக்கிறது, அசிஸ்டன்ட், சீனியர் என்று. அதைக் கொடுப்பது அந்த மாநிலத்தின் மருத்துவ வாரியம். அரிசோனாவில் லேசர் டெக்னீஷியனுக்கு 40 மணி நேர வகுப்பும் 24 மணி நேரக் கைப்பயிற்சியும் என்று வைத்திருக்கிறார்கள். உங்கள் மாநிலம் இதில் இல்லையென்றால், மாநிலத்தின் பெயரோடு 'மெடிக்கல் போர்டு', 'லேசர் ஹேர் ரிமூவல்' என்று தேடி, அரசு தளத்தில் இருக்கும் பதிலை மட்டும் படியுங்கள். கடைக்காரர்களும் பயிற்சிப் பள்ளிகளும் தங்கள் தளத்தில் போட்டிருக்கும் 'மாநிலவாரி விதிகள்' பட்டியல்களை நம்ப வேண்டாம். பல பட்டியல்கள் பழையவை. பயிற்சிப் பள்ளிக்குச் சாதகமாகவும் எழுதப்பட்டிருக்கும்.

டெக்சாஸ்: எனக்கு நன்றாகத் தெரிந்த மாநிலம்

இங்கே 2009-இல் சட்டமன்றம் தனிச் சட்டம் கொண்டுவந்தது. முதலில் சுகாதாரத் துறை பார்த்துக்கொண்டிருந்தது. 2017 நவம்பர் 1-இலிருந்து டி.டி.எல்.ஆர். எனும் மாநில உரிமத் துறையிடம் வந்தது. எலெக்ட்ரீஷியனுக்கும் ஏ.சி. மெக்கானிக்குக்கும் லைசென்ஸ் கொடுக்கும் அதே துறை.

டெக்சாஸில் லேசர் அடிப்பவர்களுக்கு நான்கு படிகள்: அப்ரன்டிஸ், டெக்னீஷியன், சீனியர் டெக்னீஷியன், புரொஃபஷனல். அப்ரன்டிஸ் என்பது நம் ஊர் எல்.எல்.ஆர். மாதிரி, வண்டி ஓட்டலாம், ஆனால் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் சீனியர் டெக்னீஷியன் அல்லது புரொஃபஷனலின் நேரடிப் பார்வையில்தான் உங்களைத் தொடலாம். அப்படி 100 சிகிச்சைகள் செய்த பிறகுதான் டெக்னீஷியன் ஆக முடியும். புரொஃபஷனல் படிக்கு, அங்கீகரிக்கப்பட்ட அமைப்பு ஒன்றின் சான்றிதழ்த் தேர்விலும் தேறியிருக்க வேண்டும்.

ஆளுக்கு மட்டுமில்லாமல் இடத்துக்கும் தனி லைசென்ஸ் உண்டு. அந்த இடம் திறந்திருக்கும் நேரத்தில், சிகிச்சைகளை மேற்பார்வை பார்க்க ஒரு புரொஃபஷனலோ, உரிமம் பெற்ற மருத்துவத் தொழிலரோ அங்கேயே இருக்க வேண்டும். ஒரு டாக்டரோடு எழுத்துபூர்வமான ஒப்பந்தம் இருக்க வேண்டும். சிகிச்சை முறைகளை வகுத்துக் கொடுப்பதும், அவை ஒழுங்காக நடக்கின்றனவா என்று தணிக்கை பார்ப்பதும், அவசரத்துக்குப் போனில் கிடைப்பதும் அவர் பொறுப்பு. உள்ளே நுழைபவர் கண்ணில் படும்படி எச்சரிக்கைப் பலகை மாட்டியிருக்க வேண்டும். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஆபத்துகளை எழுதிய தாள் கொடுக்க வேண்டும். கண்ணாடி போடாவிட்டால் கண் கெடலாம் என்ற எச்சரிக்கை அதில் கட்டாயம் இருக்க வேண்டும். 'ஆபத்தே இல்லாதது' என்று விளம்பரம் செய்யக் கூடாது.

இதை எப்படிச் சரிபார்ப்பது? டி.டி.எல்.ஆர். தளத்தில் 'லைசென்ஸ் சர்ச்' இருக்கிறது. தொழில் வகையில் லேசர் ஹேர் ரிமூவலைத் தேர்ந்தெடுங்கள். முதலில் இடத்தின் பெயரைப் போடுங்கள். கடைப் பெயரும் கம்பெனிப் பெயரும் வேறாக இருக்கும், அதனால் பெயரில் கிடைக்காவிட்டால் ஊர்ப் பெயரைப் போட்டு வரும் பட்டியலில் முகவரியைத் தேடுங்கள். அப்புறம் ஆளின் பெயர். அதற்கு அவருடைய முழுப் பெயர் வேண்டும், கூச்சப்படாமல் போனில் கேளுங்கள்: "எனக்கு யார் செய்வார்கள்? அவர் முழுப் பெயர் என்ன? எந்தப் படி லைசென்ஸ்?" நன்றாக நடத்தும் இடத்தில் இதை ஒரு சாதாரணக் கேள்வியாகவே எடுத்துக்கொள்வார்கள். "எங்கள் டீமில் எல்லோரும் சர்டிஃபைடு" என்று பொத்தாம் பொதுவாகச் சொன்னால் அது பதில் ஆகாது. கிடைத்த பக்கத்தில் உரிமம் எந்தத் தேதி வரை என்று பார்த்து, அந்தத் திரையை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு விஷயம் பலரைக் குழப்பும். டாக்டர் தம் மருத்துவத் தொழிலுக்காகச் சொந்தமாக நடத்தும் கிளினிக்குக்கும் மருத்துவமனைக்கும் இந்த இட லைசென்ஸ் தேவையில்லை. அதேபோல் நர்ஸ் போன்ற மருத்துவத் தொழிலர் தம் உரிமத்தின் எல்லைக்குள் செய்தால் தனி லேசர் சான்றிதழ் தேவையில்லை. அதனால் தேடலில் பெயர் வரவில்லை என்றதுமே 'திருட்டுக் கடை' என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஆனால் அப்போது வேறு கேள்வி கேட்க வேண்டும்: "இது எந்த டாக்டரின் கிளினிக்?" பெயரை வாங்கி மாநில மருத்துவ வாரியத்தின் தளத்தில் தேடுங்கள், ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது இருந்தால் அங்கேயே தெரியும். டாக்இன்ஃபோ என்ற தளத்தில் நாடு முழுவதுமுள்ள டாக்டர்களைத் தேடலாம். நர்ஸாக இருந்தால் நர்சிஸ் தளம். இலவசம்தான், என் பெயரைப் போட்டாலும் வரும்.

சுவரில் மாட்டியிருக்கும் ஃபிரேம் போட்ட சான்றிதழ்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வார இறுதியில் இரண்டு நாள் பாடம் நடத்தி 'சர்டிஃபைடு லேசர் ஸ்பெஷலிஸ்ட்' என்று தங்க முத்திரையோடு கொடுக்கும் தனியார் பள்ளிகள் இருக்கின்றன. அது படித்ததற்கான தாள். அரசு கொடுக்கும் உரிமத்தில் மாநிலத் துறையின் பெயரும், ஓர் எண்ணும், முடியும் தேதியும் இருக்கும். அந்த மூன்றும் இல்லாத எதையும் உரிமமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உரிமம் சரி, நம் தோலுக்கு அவர் சரியா?

இது அரசுப் படிவத்தில் இருக்காது. நீங்கள்தான் கேட்க வேண்டும். எனக்கு மிகவும் கவலை தருவதும் இதுதான்.

லேசர் தேடிப் போவது கறுப்பு நிறமியை. வெள்ளைத் தோலில் கறுப்பு முடி இருந்தால் ஒளி நேராக முடிக்குப் போகும். நம் தோலிலேயே நிறமி இருப்பதால் மேல்தோலும் அந்த ஒளியைக் குடிக்கும், சூடாகும், வெந்துபோகும். தோல் மருத்துவத்தில் ஃபிட்ஸ்பேட்ரிக் அளவுகோல் என்று ஒன்று உண்டு, ஒன்றிலிருந்து ஆறு வரை. தமிழர்களில் பெரும்பாலோர் நான்கிலிருந்து ஆறுக்குள் வருவோம். மெஷினின் அலைநீளம் இங்கேதான் முக்கியம். அலெக்சாண்ட்ரைட் 755 நானோமீட்டர். வெளிர் தோலுக்கு அருமையானது, கருமையான தோலில் ஆபத்து அதிகம். டயோடு 800–810 பக்கம். அனுபவமுள்ள கையாக இருந்தால், தோலைக் குளிர்விக்கும் வசதி நன்றாக இருந்தால், பல மாநிறத் தோல்களுக்குச் செய்யலாம். என்.டி. யாக் 1064, நிறமி இதைக் குறைவாகவே உறிஞ்சும், ஆழமாகவும் போகும், அதனால் ஐந்து, ஆறு வகைத் தோலுக்கு இதுதான் பாதுகாப்பானது. வலி கொஞ்சம் கூடுதல், பலன் கொஞ்சம் மெதுவாகத் தெரியும். இருந்தாலும் எங்கள் கிளினிக்கில் என் நிறத்தில் ஒருவர் வந்தால் நான் கேட்டு வாங்குவது இதைத்தான்.

ஐ.பி.எல். லேசரே இல்லை, பல அலைநீளங்கள் கலந்த பளிச்சென்ற ஒளி. பல இடங்களில் 'லேசர்' என்ற பலகைக்குப் பின்னால் இருப்பது இதுதான். கருமையான தோலில் சுடுவதற்கு வாய்ப்பு அதிகம். "உங்கள் மெஷினின் பெயர் என்ன, எத்தனை நானோமீட்டர்?" என்று கேளுங்கள். பதில் தெரியாதவர் கையில் உங்கள் முகத்தைக் கொடுக்காதீர்கள்.

போனில் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: "என் நிறத்தில் இருப்பவர்களுக்கு நீங்கள் செய்திருக்கிறீர்களா? என்ன செட்டிங்கில் தொடங்குவீர்கள்?" சரியான ஆள் எண்ணைச் சொல்ல மாட்டார், "நேரில் பார்த்து, ஒரு டெஸ்ட் ஸ்பாட் போட்டுவிட்டுத்தான் சொல்வேன்" என்பார். அதுதான் நல்ல பதில். டெஸ்ட் ஸ்பாட் என்பது சின்ன இடத்தில் இரண்டு மூன்று ஷாட் அடித்துப் பார்ப்பது. வெளிர் தோலில் மறுநாளே தெரிந்துவிடும். நம் தோலில் கருமை மெதுவாகத்தான் ஏறும், அதனால் ஒரு வாரமாவது பொறுத்துப் பாருங்கள். கன்சல்டேஷன் அன்றே முழுக்காலையும் முடித்துவிடலாம் என்று அவசரப்படுத்தும் இடம் வேண்டாம்.

முகத்துக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. தாடையிலும் கன்னத்திலும் இருக்கும் மெல்லிய பூனை முடிக்கு லேசர் அடித்தால், சிலருக்கு முடி குறைவதற்குப் பதில் தடித்துக் கூடுதலாக வளரும். தெற்காசிய, மத்தியத் தரைக்கடல் பக்கத்துப் பெண்களிடமும், பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களிடமும் இது கூடுதலாகப் பேசப்படுகிறது. இதைப் பற்றி அவர்களாகவே சொல்கிறார்களா என்று பாருங்கள். நரைத்த முடியில் லேசர் எடுபடாது என்பதையும் அவர்களே சொல்ல வேண்டும்.

போன அன்று

முதலில் கண்ணாடி. லேசர் அடிப்பவர் போட்டிருக்கும் கண்ணாடியின் காதுப் பட்டையையோ, கண்ணாடியின் ஓரத்தையோ உற்றுப் பாருங்கள். பொடி எழுத்தில் எண்கள் அச்சிட்டிருக்கும். 755, 810, 1064 என்று அலைநீளமும், அதன் பக்கத்தில் ஓ.டி. (ஒளியை எவ்வளவு தடுக்கும் என்ற அளவு) என்று போட்டு 5 அல்லது 6 போல ஒரு எண்ணும். அந்த அலைநீளம் மெஷினின் அலைநீளத்தோடு ஒத்துப்போக வேண்டும். 755-க்கான கண்ணாடி 1064-இலிருந்து காப்பாற்றும் என்று சொல்ல முடியாது. முகத்துக்குச் செய்யும்போது உங்களுக்குக் கொடுப்பது வெளிச்சமே புகாத மூடியாக இருக்க வேண்டும். வெயில் கண்ணாடி, மடித்த துணி எல்லாம் கூடாது. புருவத்துக்குக் கீழே, கண்குழிக்குள் லேசர் அடிக்கவே கூடாது. "புருவத்தைக் கொஞ்சம் ஷேப் பண்ணிவிடுகிறேன்" என்றால் மறுத்துவிடுங்கள். த்ரெடிங் போதும்.

அப்புறம், கையில் மெஷினை எடுப்பவர் யார் என்று பெயரைக் கேளுங்கள். போனில் சொன்ன பெயரா? வேறு ஆள் என்றால் படுத்த இடத்திலிருந்தே போனை எடுத்துத் தேடிப் பார்க்கலாம், தப்பே இல்லை. அப்ரன்டிஸ் என்றால் மேற்பார்வையாளர் அறையில் இருக்கிறாரா என்று பாருங்கள்.

அடிக்கத் தொடங்கியதும் தோலைக் கவனியுங்கள். முடிக்கால் ஒவ்வொன்றைச் சுற்றியும் சிலிர்த்த மாதிரி சின்னப் புடைப்பும் லேசான சிவப்பும் வருவது சரி. அப்படி வந்தால்தான் வேலை செய்கிறது என்று அர்த்தம். நம் தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது, புடைப்பு தெரியும். ஆனால் முனை பட்ட இடம் முழுவதும் சாம்பல் நிறமாகவோ வெளுப்பாகவோ மாறினால், மேல்தோல் உரிகிற மாதிரி இருந்தால், உடனே நிறுத்தச் சொல்லுங்கள். "பழகிவிடும்" என்று சொன்னாலும் நிறுத்தச் சொல்லுங்கள்.

மரத்துப்போகும் கிரீம் பற்றிக் கட்டாயம் சொல்லியாக வேண்டும். 2007 பிப்ரவரியில் எஃப்.டி.ஏ. ஒரு பொது எச்சரிக்கை வெளியிட்டது. லேசர் வலி தெரியாமலிருக்கக் கால்கள் முழுக்க மரப்பு கிரீம் தடவி, அதன் மேல் பிளாஸ்டிக் சுற்றிக்கொண்ட இரண்டு பெண்களைப் பற்றியது. ஒருவருக்கு வயது 22, இன்னொருவருக்கு 25. வலிப்பு வந்து, கோமாவுக்குப் போய், இறந்துபோனார்கள். இரண்டுமே ஃபார்மசியில் கலந்து செய்த, செறிவு மிகுந்த கிரீம்கள். பெரிய பரப்பில் தடவி மூடி வைத்தால் மருந்து ரத்தத்தில் ஏறி, மூளையையும் இதயத்தையும் தாக்கும். மேலுதடு, அக்குள் போன்ற சிறிய இடத்துக்கு, டாக்டர் சொன்ன அளவில் போட்டுக்கொள்வது வேறு. "வீட்டிலேயே இரண்டு காலுக்கும் தடவி, கிளிங் ஃபிலிம் சுற்றிக்கொண்டு வாங்க" என்று ஒரு குழாயைக் கையில் கொடுத்தால், அந்த இடத்துக்குத் திரும்பிப் போகாதீர்கள்.

கிளம்பும்போது அன்றைய பதிவைக் கேட்டு வாங்குங்கள், அல்லது திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்: மெஷின் பெயர், அலைநீளம், ஜூல் அளவு, பல்ஸ் நேரம், முனையின் அளவு. ஏதாவது ஆனால் எங்களைப் போன்றவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆறு, எட்டுத் தடவைக்குச் சேர்த்து முன்பணம் கட்டாதீர்கள். தடவைக்குத் தடவை கொடுங்கள், கிரெடிட் கார்டில் கொடுங்கள். கடை மூடிப்போனால் கார்டு கம்பெனியிடம் முறையிடலாம். பேக்கேஜ் வாங்கிவிட்டோமே என்பதற்காகத் தோல் கருத்த பிறகும் திரும்பத் திரும்பப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சுட்டுவிட்டால்

என் சித்தி மகளுக்கு நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு கால்களிலும் முழங்காலுக்குக் கீழே வட்ட வட்டமாக, வரிசை பிசகாமல், மெஷின் முனையின் அளவில் பழுப்புத் தழும்புகள். ஒவ்வொரு வட்டத்தின் விளிம்பும் காம்பஸ் வைத்துப் போட்டதுபோல் தெளிவாக இருந்தது. வரவேற்பில் இருந்தவர், "வெயிலில் போயிருப்பீர்கள், ஓட்ஸ் கிரீம் தடவுங்கள்" என்று அனுப்பியிருக்கிறார். நாங்கள் தேடிப் பார்த்தபோது அந்த இடத்துக்கு லைசென்ஸ் இருந்தது. அடித்த பெண்ணுக்கு இருந்தது அப்ரன்டிஸ் அனுமதி. அன்று அறையில் அவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

என் சித்தி மகள் செய்ததை நீங்களும் அதே வரிசையில் செய்யலாம். சுட்ட அன்றே குளிர்ந்த தண்ணீர் பட்ட துணி. ஐஸ் கட்டி நேராக வைக்கக் கூடாது. கொப்புளத்தை உடைக்கக் கூடாது. மறுநாளே தோல் மருத்துவரைப் பாருங்கள். நம் தோலில் தழும்பைவிடப் பின்னால் வரும் கருமைதான் மாதக்கணக்கில் நிற்கும், சீக்கிரம் கவனித்தால் அதைக் குறைக்க முடியும். வெயில் படாமல் மூடுங்கள், சன்ஸ்கிரீன் போடுங்கள். வீட்டு மஞ்சள், எலுமிச்சை எதுவும் வேண்டாம். வெந்த தோல் எலுமிச்சையைத் தாங்காது.

பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து, தினமும் ஒரே கோணத்தில் படம் எடுங்கள். ரசீது, கையெழுத்துப் போட்ட படிவங்கள், எஸ்.எம்.எஸ்., அப்பாயின்ட்மென்ட் மெயில் எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டரில் போடுங்கள். சிகிச்சைப் பதிவின் நகலை எழுத்தில் கேளுங்கள். மெயிலில் கேட்டால் கேட்ட தேதிக்குச் சாட்சி இருக்கும்.

அவளிடம் பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று ஒரு தாளை நீட்டினார்கள். எனக்குப் படம் எடுத்து அனுப்பினாள். மூன்றாவது பத்தியில், இனி எந்தப் புகாரும் கோரிக்கையும் வைக்க மாட்டேன் என்று இருந்தது. "அக்கா, அவசரமா கையெழுத்து கேக்கறாங்க" என்றாள். போடாதே என்றேன், போடவில்லை. உங்களிடம் அப்படி ஒரு தாள் வந்தால் வீட்டுக்கு எடுத்துப்போய் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். டெக்சாஸில் உடல் காயத்துக்கு வழக்குப் போடப் பொதுவாக இரண்டு ஆண்டுகள்தான் அவகாசம். 'தழும்பு ஆறட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்று விட்டால் அது ஓடிவிடும்.

புகார் எங்கே கொடுப்பது என்பது யார் அடித்தார் என்பதைப் பொறுத்தது. டெக்சாஸில் லேசர் லைசென்ஸ் உள்ள இடமோ, லைசென்ஸே இல்லாமல் நடத்தும் இடமோ என்றால் டி.டி.எல்.ஆர். தளத்திலேயே புகார் படிவம் இருக்கிறது. டாக்டரின் கிளினிக் என்றால் மருத்துவ வாரியம். நர்ஸ் என்றால் நர்ஸிங் வாரியம். கலிஃபோர்னியாவில் உரிமமில்லாதவர் செய்திருந்தால் அதையும் மருத்துவ வாரியத்துக்கு எழுதலாம், அந்த இடத்துக்குத் தன் பெயரை வாடகைக்குக் கொடுத்த டாக்டர் யார் என்பதையும் சேர்த்து. மெஷின் கோளாறு என்று சந்தேகம் இருந்தால் எஃப்.டி.ஏ.-வின் மெட்வாட்ச் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம்.

"புகார் கொடுத்து என்ன ஆகப்போகிறது?" என்று நம் ஆட்கள் கேட்பார்கள். 2014-இல் ஒரு தோல் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. 1999 முதல் 2012 வரை அமெரிக்காவில் லேசர் காயத்துக்காகப் போடப்பட்ட 175 வழக்குகளை எடுத்துப் பார்த்திருந்தார்கள். மிக அதிகமாக வழக்கான சிகிச்சை முடி நீக்கம்தான். முடி நீக்கத்தில் டாக்டர் அல்லாதவர்கள் செய்வது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு என்று கணக்கிட்டிருந்தார்கள். ஆனால் 2004 முதல் 2012 வரை வந்த முடி நீக்க வழக்குகளில் 75.5 சதவீதம் அவர்கள் செய்ததில் வந்தவை. நல்ல டெக்னீஷியன்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், எனக்கே தெரியும். மேற்பார்வை இல்லாத இடத்தில்தான் இது நடக்கிறது. அதை அரசு கண்டுபிடிப்பது பெரும்பாலும் யாராவது எழுதிப் போட்ட பிறகுதான்.

படிவத்தில் கோபத்தை எழுத வேண்டாம். தேதி, நேரம், அடித்தவர் பெயர், அறையில் வேறு யார் இருந்தார்கள், கண்ணாடி கொடுத்தார்களா, டெஸ்ட் ஸ்பாட் போட்டார்களா, ஆபத்துத் தாள் கொடுத்தார்களா, இவ்வளவு போதும். சித்தி மகள் அனுப்பிய பிறகு ஒரு வழக்கு எண் வந்தது. பல வாரம் கழித்து விசாரணை அதிகாரி கூப்பிட்டு முதலில் கேட்டது, அன்று மேற்பார்வையாளர் யாராவது உள்ளே வந்தாரா என்பதுதான். இல்லை என்று சொன்னாள். உரிமத் தேடலில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை மெயிலில் அனுப்பச் சொன்னார். தேதியோடு இருந்ததால் அப்படியே அனுப்பிவிட்டாள்.